மிச்சமிருந்த ஒரு நொடி: ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் 2013 சீசன்

அந்த ஒரு நொடியைக் கேட்டு வாங்கியவர் எதிரணியின் கோச். 2013 நவம்பர் 30, அலபாமா மாநிலம், ஆபர்ன் நகரம், ஜோர்டன்-ஹேர் மைதானம். ஸ்கோர் 28–28. அலபாமா அணியின் டி.ஜே. யெல்டன் பந்தோடு ஓடிப் பக்கக்கோட்டுக்கு வெளியே போகிறார். கடிகாரம் பூஜ்யம் காட்டுகிறது. ஆட்டம் ஓவர்டைமுக்குப் போகும் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் அலபாமாவின் கோச் நிக் சேபன் நடுவர்களிடம் போய், அவர் கோட்டைத் தாண்டும்போது ஒரு நொடி மிச்சமிருந்தது என்று வாதாடினார். வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த நொடியில் ஆபர்ன் ஜெயித்தது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்காதவர்கள்கூட அந்த வீடியோவை எங்காவது பார்த்திருப்பார்கள். பார்த்தவர்கள் பெரும்பாலும் ‘சரியான லக்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆபர்னுக்கு அந்த சீசனில் அதிர்ஷ்டம் இருந்ததை நானும் மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் அதிர்ஷ்டம், எந்த இடத்தில் பல மாத வேலை என்று பிரித்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அதற்கு ஓராண்டு பின்னால் போக வேண்டும்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் ‘டவுன்’. நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், அல்லது தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் அதைத் தூக்கி எறியலாம் (அது பாஸ்). எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. முடியாது என்று பட்டால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். அது ஃபீல்டு கோல். உதைத்த பந்து கம்பம்வரை போகாமல் விழுந்தால், எதிரணியில் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் ஓடலாம். இந்தக் கடைசி விதி பாதிப் பேருக்கு நினைவிலேயே இருக்காது. அவ்வளவு அபூர்வம்.

தரைமட்டம்

ஆபர்ன் சின்ன ஊர். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 53,000 சொச்சம் பேர். மைதானத்தில் அப்போது இருக்கைகள் 87,451. ஊரே வந்து உட்கார்ந்தாலும் மைதானம் நிறையாது. மற்ற ஊர்களிலிருந்து ஆள் வந்தாக வேண்டும், வருகிறார்கள். 2010 சீசனில் கேம் நியூட்டன் என்ற குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு தேசியச் சாம்பியன் பட்டம் வாங்கிய அணி இது. அப்போது தலைமைக் கோச் ஜீன் சிஸிக். தாக்குதல் பிரிவுக்குப் பொறுப்பு கஸ் மல்ஸான்.

மல்ஸான் 2011 முடிந்ததும் ஆர்கன்சா ஸ்டேட் அணிக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார். 2012-ல் ஆபர்ன் 12 ஆட்டங்களில் 3-ல்தான் ஜெயித்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் போட்டிப் பிரிவான எஸ்.இ.சி.யில் எட்டுக்கு எட்டும் தோல்வி. கடைசியாக விளையாடிய மூன்று பிரிவு ஆட்டங்களின் ஸ்கோரைப் பார்த்தால் போதும்: டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மிடம் 21–63, ஜார்ஜியாவிடம் 0–38, அலபாமாவிடம் 0–49. பட்டம் வாங்கிக் கொடுத்து இரண்டே வருடத்தில் சிஸிக் வேலை இழந்தார்.

ஊருக்கு அதைவிடப் பெரிய துக்கம் ஒன்றும் இருந்தது. ஊர் நடுவே டூமர்ஸ் கார்னர் என்ற முனையில் நூறு வயதைத் தாண்டிய இரண்டு ஓக் மரங்கள். ஆபர்ன் ஜெயித்தால் ஜனங்கள் அங்கே திரண்டு டாய்லெட் பேப்பர் சுருள்களைக் கிளைகளில் வீசி மரத்தையே வெள்ளையாக்குவார்கள். (கேட்க விநோதமாக இருக்கும். தேர் போன தெருவில் பூவும் காகிதமும் கிடக்கும் காட்சியை நினைத்துக்கொண்டால் அவ்வளவு விநோதமில்லை.) 2010-ல் ஆபர்னிடம் தோற்ற கோபத்தில் ஓர் அலபாமா ரசிகர் அந்த மரங்களுக்குக் களைக்கொல்லி ஊற்றினார். போதாததற்கு ரேடியோ நிகழ்ச்சிக்கு ஃபோன் போட்டுப் பெருமை வேறு பேசினார். மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை. 2013 ஏப்ரலில் நடந்த பயிற்சி ஆட்டத்துக்கு 83,401 பேர் வந்தார்கள். 3–9 அணியின் பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க மட்டும் அத்தனை பேர் வரவில்லை. மரங்களுக்கு விடை கொடுக்கவும்தான் வந்தார்கள். சில நாளில் மரங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள், பேப்பர் வீச ஏதாவது வேண்டுமே என்று.

ஓட்டம் என்ற இயந்திரம்

2012 டிசம்பரில் மல்ஸான் திரும்பி வந்தார், இந்த முறை தலைமைக் கோச்சாக. ஆர்கன்சாவில் வருடக்கணக்கில் உயர்நிலைப் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கல்லூரி ஆட்டத்துக்கு வந்தவர் அவர். இரண்டு டவுன்களுக்கு நடுவே கூடிப் பேசாமல், எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததைத் தொடங்குவது அவர் முத்திரை.

புதிதாக அணி கட்ட அவருக்கு நேரமில்லை. இருந்தவர்களை வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் ட்ரே மேசன் 2012 அணியில் இருந்தவர்தான். அத்தனை தோல்விகளுக்கு நடுவிலும் 1,002 யார்டு ஓடியவர். (அவர் அப்பா ‘டி லா சோல்’ ஹிப்-ஹாப் குழுவின் டி.ஜே. மேசியோ.) முன்வரிசையில் க்ரெக் ராபின்சன், ரீஸ் டிஸ்மியூக்ஸ், அவர்களுக்குப் பின்னால் மோதி வழி திறக்கும் ஜே ப்ராஷ், தடுப்பில் டீ ஃபோர்டு என்று எல்லோரும் பழைய முகங்கள். அவர்களிடம் இல்லாதது ஒரு குவார்ட்டர்பேக்.

வந்தவர் நிக் மார்ஷல். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் தடுப்பு வீரராகச் சேர்ந்து, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டு, கான்சஸில் கார்டன் சிட்டி கம்யூனிட்டி காலேஜில் ஒரு வருடம் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். வசந்தகாலப் பயிற்சியில் அவர் இல்லை. கோடையில் வந்து சேர்ந்தார், ஆகஸ்டில் முதல் ஆளாக அறிவிக்கப்பட்டார். பாஸ் எறிவதில் நம்பகமானவர் என்று சொல்ல முடியாது. ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் பிடிப்பது கஷ்டம்.

அந்த ஒன்றை வைத்துத்தான் மல்ஸான் அணியைக் கட்டினார். அவர் பயன்படுத்திய உத்தியின் பெயர் ஸோன் ரீட். வழக்கமாகத் தாக்கும் அணி எதிரணியின் எல்லா முன்வரிசை ஆட்களையும் மறிக்கப் பார்க்கும். இதில் ஓரத்தில் நிற்கும் ஒருவரை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். மார்ஷல் பந்தை மேசனின் வயிற்றில் வைப்பார், ஆனால் கையை எடுக்க மாட்டார். கண் அந்த விடுபட்ட ஆள் மேலேயே இருக்கும். அவர் மேசனைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால், மார்ஷல் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவார். அவர் தயங்கி வெளியே நின்றால், பந்து மேசனிடம் போய்விடும். விட்டுவைத்த ஆள் எதைச் செய்தாலும் தப்பு. அவரை மறிக்க வேண்டிய ஆபர்ன் வீரர் ஓய்வாக வேறொருவரைப் போய் மறிப்பார். கபடியில் ஒரு பக்கம் காலை நீட்டிக் காட்டிவிட்டு மறுபக்கம் தொடுகிற ரெய்டர் மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், இங்கே எந்தப் பக்கம் என்பதை எதிராளியே முடிவு செய்கிறான்.

இது ஒரே நாளில் ஓடத் தொடங்கவில்லை. முதல் ஆட்டத்தில் வாஷிங்டன் ஸ்டேட்டை 31–24 என்று தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தார்கள். மிஸிஸிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக 10 நொடி மிச்சமிருக்கும்போது மார்ஷல் எறிந்த டச்டவுன் காப்பாற்றியது, 24–20. செப்டம்பர் 21 அன்று எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) ஊரில் இடைவேளையின்போது 0–21. தோற்றார்கள், 21–35. என் கணக்கில் சீசன் தொடங்கியது அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில்தான். அந்தப் பாதியை மட்டும் எடுத்தால் 21–14, ஆபர்னுக்குச் சாதகம். பந்தைக் கொண்டு ஓடினால் இந்தப் பிரிவில் யாரையும் தள்ளலாம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் அக்டோபர். தேசியத் தரவரிசையில் ஏழாம் இடத்தில் இருந்த டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மை அவர்கள் ஊரிலேயே 45–41 என்று சாய்த்தார்கள். அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜானி மான்ஸெல் அன்று பாஸ் எறிந்தே 400 யார்டுக்கு மேல் எடுத்திருந்தார், போதவில்லை. நவம்பரில் டென்னஸியில் 55–23. அந்த ஆட்டத்தில் மார்ஷலின் பாஸ்களில் பிடிபட்டவை மூன்றே மூன்று, மொத்தம் 35 யார்டு. காலால் ஓடியது 214. இப்படி ஒரு ஸ்கோர்கார்டை இந்தக் காலத்தில் பார்ப்பது அரிது. அதே ஆட்டத்தில் கிரிஸ் டேவிஸ் என்ற கார்னர்பேக் (ஓரத்தில் நின்று பாஸைத் தடுப்பவர்), எதிரணி பந்தை விட்டுக்கொடுத்துத் தூர உதைத்த பன்ட்டைப் பிடித்து 85 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது டவுன், 18 யார்டு

நவம்பர் 16, ஜார்ஜியா. இது சுத்தமான அதிர்ஷ்டம். இதை நான் வேறு விதமாகச் சொல்லப் போவதில்லை.

கடைசிக் கால்பகுதியில் ஆபர்ன் 37–17 என்று முன்னிலையில் இருந்தது. அதைக் கோட்டைவிட்டது. ஜார்ஜியா 38–37. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆபர்ன் தன் 27 யார்டு கோட்டில், நாலாவது டவுன், வேண்டியது 18 யார்டு. மார்ஷல் பந்தை ஆகாயத்தில் தூக்கி எறிந்தார். ரிக்கார்டோ லூயிஸ் ஓடிக்கொண்டிருந்த பக்கம் இரண்டு ஜார்ஜியா வீரர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்திருந்தால், அல்லது பந்தைத் தரையில் தட்டிவிட்டிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். இருவரும் பிடிக்கப் போய் இடித்துக்கொண்டார்கள். பந்து ஒருவர் கையில் பட்டு எழும்பி, முன்னால் ஓடிக்கொண்டிருந்த லூயிஸின் தோளுக்கு மேலாக வந்து விழுந்தது. அவர் அதைத் தடவித்தடவிப் பிடித்துக்கொண்டு எல்லைக்குள் போனார். 73 யார்டு. 25 நொடி மிச்சம். 43–38.

நவம்பர் 30

அலபாமா 11–0, முதலிடம், முந்தைய இரண்டு வருடமும் சாம்பியன். ஆபர்ன் 10–1, நாலாம் இடம். ஒரே மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்கள். 1907-க்குப் பிறகு சண்டையில் 41 வருடம் ஆடாமலேயே இருந்துவிட்டு 1948-ல்தான் மறுபடி ஆடத் தொடங்கியவர்கள். அந்த ஆட்டத்துக்கு அயர்ன் பவுல் என்று பெயர்.

கடைசிக் கால்பகுதியில் அலபாமாவின் ஏ.ஜே. மெக்காரன் தன் எல்லைக்கோட்டருகிலிருந்து அமரி கூப்பருக்கு 99 யார்டு டச்டவுன் எறிந்தார். 28–21. அதற்குப் பிறகு நடந்ததில்தான் இந்த ஆட்டத்தின் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அலபாமா ஆபர்னின் 13 யார்டு கோட்டில், நாலாவது டவுன், ஒரு யார்டு வேண்டும். எந்தப் பள்ளிக்கூட அணியும் அங்கிருந்து ஃபீல்டு கோல் உதைத்து 31–21 ஆக்கிவிடும். சேபன் உதைக்கவில்லை. அவருடைய வழக்கமான உதைப்பாளர் கேட் ஃபாஸ்டர் அன்று ஏற்கெனவே இரண்டு உதைகளைத் தவறவிட்டிருந்தார். ஆகவே யெல்டனை ஓடவிட்டார். ஆபர்ன் முன்வரிசை அவரை ஓர் அங்குலம் விடவில்லை. பிறகு ஃபாஸ்டருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். அதை ஆபர்ன் வீரர்கள் கையால் மறித்துவிட்டார்கள். மூன்று முயற்சி, மூன்றும் வீண். (ஆட்டம் முடிந்ததும் ஃபாஸ்டருக்கு வந்த மிரட்டல்களைப் பற்றிப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. அவருடைய ஜெர்ஸி எண் 43. அமெரிக்காவின் 43-வது ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அவருக்குக் கைப்பட ஆறுதல் கடிதம் எழுதினார்.)

இரண்டரை நிமிடம் இருக்கும்போது பந்து ஆபர்னிடம் வந்தது. வேறெந்த அணியும் அந்த நேரத்தில் பாஸ் எறிந்து அவசரமாக முன்னேறும். ஆபர்ன் மேசனிடமே கொடுத்தது. திரும்பவும் மேசன். திரும்பவும் மேசன். கடைசியில் மார்ஷல் பந்தை உருவிக்கொண்டு இடப்பக்கம் ஓடுகிறார், சீசன் முழுக்க நூறு தடவை ஓடியது போலவே. அலபாமாவின் கார்னர்பேக் அவரைப் பிடிக்க முன்னால் வருகிறார். பக்கக்கோட்டை ஒட்டிய சாமி கோட்ஸைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. மார்ஷல் ஓடிக்கொண்டே சின்னதாக ஒரு பாஸ் தட்டிவிட்டார். 39 யார்டு, டச்டவுன், 28–28, மிச்சம் 32 நொடி.

அந்தக் கார்னர்பேக் ஏன் முன்னால் வந்தார்? மூன்று மாதம் ஆபர்ன் ஓடியே ஜெயித்ததைப் பார்த்தவர் அவர். அன்று மட்டுமே ஆபர்ன் 296 யார்டு ஓடியிருந்தது. லூயிஸின் கையில் விழுந்த பந்தும் கோட்ஸ் பிடித்த பந்தும் ஒரே சாதி இல்லை.

இப்போது அந்த ஒரு நொடி. 57 யார்டு உதை. ஃபாஸ்டர் மேல் நம்பிக்கை போய்விட்டது. காலில் பலமுள்ள, ஆனால் அனுபவமில்லாத ஆடம் கிரிஃபித்தை அனுப்பினார் சேபன். ஆபர்ன் டைம்-அவுட் எடுத்தது. பந்து குறைவாக விழுந்தால் பிடித்து ஓட, கம்பத்துக்குக் கீழே ஓர் ஆளை நிறுத்த வேண்டும். முதலில் வேறொருவர் நின்றிருந்தார். அந்த இடைவெளியில் மல்ஸான் ஆளை மாற்றி, பன்ட் பிடித்து ஓடிப் பழகிய கிரிஸ் டேவிஸை அனுப்பினார்.

ஃபீல்டு கோல் உதைக்கும்போது களத்தில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். சுவர் மாதிரி நின்று மறிப்பதற்கென்றே எடுக்கப்பட்ட, சராசரியாக 130, 140 கிலோ ஆட்கள். ஓடுகிறவனைத் துரத்திப் பிடிப்பது அவர்கள் வேலையில்லை. பந்து குறைவாக வந்தது. டேவிஸ் எல்லைக்குள் பின்கோட்டருகே பிடித்தார், நடுவில் சில அடி வந்தார், இடப்பக்கம் திரும்பினார். அவர் சக வீரர்கள் அந்தப் பக்கம் ஏற்கெனவே மறித்துக்கொண்டு போகிறார்கள். பக்கக்கோட்டுக்கு ஒரு பாத அகலம் உள்ளே கால் பதித்து ஓடினார். உதைப்பதற்காகப் பந்தைத் தரையில் பிடித்துக் கொடுத்த அலபாமாவின் பன்ட்டர்தான் கடைசித் தடை, அவரையும் தாண்டிவிட்டார். உண்மையில் 109 யார்டு. எல்லைக்கோட்டுக்குப் பின்னால் ஓடியதைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் ஏட்டில் 100. முடிவு 34–28.

அன்றிரவு டூமர்ஸ் கார்னரில் மரமில்லாத இடத்தில் கட்டியிருந்த கம்பிகள் பேப்பரால் மூடிப்போயின.

கணக்கு

ஒரு வாரம் கழித்து அட்லாண்டாவில் எஸ்.இ.சி. பட்டத்துக்கான ஆட்டம், மிசூரியோடு. 59–42. இதை யாரும் வீடியோ போட்டுப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய ஆட்டம் இதுதான். ஆபர்ன் 545 யார்டு ஓடியது. மேசன் மட்டும் 46 தடவை பந்தை வாங்கி 304 யார்டு, 4 டச்டவுன். மந்திரமும் இல்லை, கடைசி நொடியும் இல்லை. அதே இரவு ஒஹாயோ ஸ்டேட் மிஷிகன் ஸ்டேட்டிடம் தோற்றதால் தேசியப் பட்டத்துக்கான இரண்டு இடங்களில் ஒன்று காலியாகி ஆபர்னுக்கு வந்தது. அது இன்னொரு அதிர்ஷ்டம், சரி.

சீசன் முழுக்க ஆட்டத்துக்கு 328 யார்டு வீதம் ஓடி, அதில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார்கள். எட்டு அல்லது அதற்குக் குறைவான புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்கள், தேசியப் பட்ட ஆட்டத்துக்கு முன்னால்வரை, ஆறு. ஆறிலும் வெற்றி. இந்த இரண்டாவது எண் எந்த அணிக்கும் நிலைக்காது. 2014-ல் அதே கோச், அதே மார்ஷல், 8–5. அந்த வருடம் அலபாமாவுக்கு எதிராக 630 யார்டு எடுத்தும் 44–55 என்று தோற்றார்கள். 2013-லும் அவர்கள் தடுப்பு அப்படியொன்றும் பலமில்லை. 41, 38, 42 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நெருக்கமான ஆட்டங்கள் கைகொடுத்தவரை அது வெளியே தெரியவில்லை.

பாசடீனா

2014 ஜனவரி 6, ரோஸ் பவுல் மைதானம், தேசியப் பட்டத்துக்கான ஆட்டம், எதிரே ஃபுளோரிடா ஸ்டேட். அவர்கள் 13–0. குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர். அன்று அவருக்கு இருபதாவது பிறந்தநாள். ஆபர்ன் 21–3 என்று முன்னேறியது. தங்கள் சைகைகளை ஆபர்ன் படித்துவிடுகிறது என்ற சந்தேகத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் ஆட்கள் பக்கக்கோட்டில் துண்டைப் பிடித்து மறைத்துக்கொண்டு சைகை காட்டினார்கள். பன்ட் உதைப்பது போல் பாவனை செய்து ஓடிப் பந்தைத் தங்களிடமே தக்கவைத்தார்கள். அங்கிருந்து ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஃபுளோரிடா ஸ்டேட்டின் கெர்மிட் விட்ஃபீல்டு ஆட்டத்தை மறுபடி தொடங்க ஆபர்ன் உதைத்த பந்தைப் பிடித்து 100 யார்டு ஓடி அவர்களை முன்னிலைக்குக் கொண்டுவந்தார், 27–24. மேசன் விடவில்லை. 1:19 இருக்கும்போது 37 யார்டு ஓடினார், 31–27. அந்த ஓட்டத்தை வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஒருவர் இடுப்பில் தொங்கப் பார்க்கிறார், மேசன் உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்.

வின்ஸ்டனுக்கு 80 யார்டு வேண்டும். வந்தார். ஆபர்னின் 10 யார்டு கோட்டில் மூன்றாவது டவுன், எல்லைக்குள் எறிந்த பாஸ் பிடிபடவில்லை. ஆனால் பந்து வருமுன்னே ஆளைத் தடுத்தார் என்று ஆபர்ன் கார்னர்பேக் மேல் பெனால்ட்டி. கிரிஸ் டேவிஸ். பந்து 2 யார்டு கோட்டுக்கு வந்தது. அடுத்து வின்ஸ்டன் பந்தை உயரமாக எறிந்தார், ஆறடி ஐந்து அங்குல கெல்வின் பெஞ்சமினுக்கு. அவரைக் காவல் காத்தவர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அவரும் எம்பினார், கை எட்டவில்லை. அதுவும் டேவிஸ்தான். அந்த 109 யார்டு ஓடி 37 நாள் ஆகியிருந்தது.

34–31. கடிகாரத்தில் 13 நொடி.